நடுக்கள வீரர் என்ன செய்கிறார்? லூகா மோட்ரிச்சின் ஆட்ட வாழ்க்கை வழியாக ஓர் அறிமுகம்

கிரிக்கெட் ஆட்டத்தைத் தவறவிட்டவர்கூட மறுநாள் ஸ்கோர்கார்டைப் பார்த்து ஆட்டம் எப்படிப் போயிருக்கும் என்று ஓரளவு ஊகித்துவிடலாம். யார் எத்தனை ஓட்டம் எடுத்தார், யார் யாரை வீழ்த்தினார் என்பதெல்லாம் அதில் இருக்கும். கால்பந்தில் அதற்கு வழியில்லை. 1–0 என்று முடிந்த ஆட்டத்தில் கோல் அடித்தவர் பெயர் மட்டும்தான் பதிவாகும். 90 நிமிடமும் ஆட்டத்தைத் தன் காலடியில் வைத்திருந்த நடுக்கள வீரரின் பெயர் செய்தியில் ஒரு வரியிலும் இல்லாமல் போகலாம்.

உலகக் கோப்பை சமயத்தில் மட்டும் கால்பந்து பார்க்கும் நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இதுதான்: "அவர் கோலும் அடிக்கல, பெருசா எதையும் தடுக்கவும் இல்ல. அப்புறம் ஏன் அவரை இப்படிக் கொண்டாடுறாங்க?" 2018 உலகக் கோப்பையில் குரோஷியாவின் லூகா மோட்ரிச் தங்கப் பந்து விருது வாங்கியபோது இந்தக் கேள்வியை நிறையப் பேர் கேட்டார்கள். அந்தத் தொடர் முழுவதும் அவர் அடித்தது இரண்டே கோல். ஆனாலும் தொடரின் சிறந்த வீரர் அவர்தான் என்பதில் எனக்கு அன்றும் சந்தேகமில்லை, இன்றும் இல்லை. ஏன் என்பதை அவருடைய ஆட்ட வாழ்க்கையை வைத்தே சொல்கிறேன். நடுக்கள வீரர் என்றால் என்ன என்பதும் அதிலேயே விளங்கும்.

களத்தின் நடுப்பகுதி

பெரிய சர்வதேச ஆட்டங்கள் நடக்கும் களம் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். ஓர் அணியில் 11 பேர். கோல்கீப்பரையும் அவருக்கு முன்னால் நிற்கும் பின்கள வீரர்களையும் ஒருபுறம் வையுங்கள். கோல் அடிப்பதையே முதல் வேலையாகக் கொண்ட முன்கள வீரர்களை மறுபுறம் வையுங்கள். இந்த இரண்டு கூட்டத்துக்கும் இடையே இருப்பவர்கள் நடுக்கள வீரர்கள். 4-3-3 என்று எழுதினால் பின்னால் நாலு பேர், நடுவில் மூன்று பேர், முன்னால் மூன்று பேர். கோல்கீப்பரைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

நடுவில் இருப்பவர்களுக்குள்ளும் வேலை பிரிந்திருக்கிறது. ரசிகர்கள் இதை எண்களால் சொல்வது வழக்கம். பின்கள வீரர்களுக்குச் சற்று முன்னால் நின்று எதிரணியின் தாக்குதலை உடைத்து, பந்தை வாங்கி ஆட்டத்தைத் தொடங்கிவைப்பவர் 6. எதிரணியின் கோலுக்கு அருகே, கடைசி பாஸைக் கொடுக்கும் இடத்தில் திரிபவர் 10. இந்த இரண்டுக்கும் நடுவே மேலும் கீழும் ஓடி, தேவைப்படும் இடத்திலெல்லாம் ஒரு கை கொடுப்பவர் 8. சட்டையில் இருக்கும் எண்ணும் இதுவும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. ரியல் மாட்ரிட்டில் மோட்ரிச் பல ஆண்டுகள் 10ஆம் எண் சட்டை போட்டுக்கொண்டு 8ஆம் எண்ணின் வேலையைத்தான் செய்தார். இந்த மூன்று எண்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய வாழ்க்கையே இந்த எண்களின் வழியாகத்தான் நகர்கிறது.

பந்து வருவதற்கு முன்

ஓரத்தில் ஓடும் வீரருக்கு ஒரு பக்கம் எல்லைக் கோடு. அந்தப் பக்கத்திலிருந்து யாரும் வந்து மோதமாட்டார்கள். நடுவில் நிற்பவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. முன்னால், பின்னால், இடம், வலம் எங்கிருந்தும் எதிராளி வரலாம். பந்து காலுக்கு வந்த பிறகு "சரி, என்ன செய்யலாம்" என்று யோசித்தால் அதற்குள் பந்து பறிபோயிருக்கும். ஆகவே நல்ல நடுக்கள வீரர் யோசிப்பதைப் பந்து வருவதற்கு முன்பே முடித்துவிடுகிறார். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இது கண்ணால் பார்க்கக்கூடிய விஷயம். பந்து வேறொருவர் காலில் இருக்கும்போது மோட்ரிச்சை மட்டும் கவனியுங்கள். தலை ஓரிடத்தில் நிற்காது. இடது தோளுக்கு மேலே ஒரு பார்வை, வலது தோளுக்கு மேலே ஒரு பார்வை, மறுபடி பந்து. எதிராளி எவ்வளவு தூரத்தில் இருக்கிறான், எந்தப் பக்கம் காலியாக இருக்கிறது, தன் அணியில் யார் ஓடத் தொடங்கிவிட்டார்கள் என்பதையெல்லாம் அந்தப் பார்வைகளில் சேகரித்துவிடுகிறார். நார்வேயின் ஆய்வாளர் கெய்ர் யோர்டெட், வீரர்கள் பந்தை வாங்குவதற்கு முன் எத்தனை முறை இப்படித் திரும்பிப் பார்க்கிறார்கள் என்பதைப் பல ஆண்டுகளாக எண்ணி ஆராய்ந்தவர். அதிகம் பார்ப்பவர்களின் பாஸ்களே அதிகம் சரியாகப் போய்ச் சேர்கின்றன என்று அவர் கண்டார்.

அடுத்தது உடம்பை வைத்துக்கொள்ளும் விதம். பந்து வரும் திசைக்கு நேராக மார்பைக் காட்டி நின்றால் பின்னால் இருக்கும் களம் தெரியாது. பாதி திரும்பிய நிலையில் நின்று, தூரமாக இருக்கும் காலால் பந்தை வாங்கினால் முதல் தொடுதலிலேயே முன்னோக்கித் திரும்பிவிடலாம். எதிராளி முட்டிக்கொண்டு வரும்போது அந்த வேகத்தையே பயன்படுத்தி அவரைத் தாண்டிவிடலாம். மோட்ரிச்சின் உயரம் 172 சென்டிமீட்டர்தான். தன்னைவிட ஒரு தலை உயரமானவர்கள் நடுவிலிருந்து அவர் பந்தோடு நழுவி வெளியே வருவதற்குத் தோள்வலு காரணமில்லை. மோதல் நடக்கப்போகும் இடத்தில் அவர் நிற்பதே இல்லை.

அவருடைய பெயரோடு சேர்ந்தே நினைவுக்கு வருவது வலது பாதத்தின் வெளிப்புறத்தால் கொடுக்கும் பாஸ். ஆங்கிலத்தில் டிரிவேலா என்று போர்த்துகீசியச் சொல்லைக் கடன்வாங்கிச் சொல்வார்கள். பலர் இதை அலங்காரம் என்று நினைக்கிறார்கள். எனக்கு அது சுத்தமான சிக்கனமாகத்தான் தெரிகிறது. பாதத்தின் உட்புறத்தால் பந்தைச் சுழற்றி அனுப்ப வேண்டுமானால் இடுப்பைத் திறந்து உடம்பைத் தயார்செய்ய வேண்டும். எதிராளிக்கு அதிலேயே செய்தி போய்விடும். வெளிப்புறத்தால் அனுப்பினால் ஓடுகிற ஓட்டத்திலேயே, அறிவிப்பு இல்லாமல், எதிர்த் திசையில் வளையும் பந்து கிளம்பிவிடும்.

2022 ஏப்ரல் 12 அன்று மாட்ரிட்டில் நடந்த, ஐரோப்பிய கிளப்களின் பெரிய தொடரான சாம்பியன்ஸ் லீக் காலிறுதியின் இரண்டாம் ஆட்டத்தைத் தேடிப் பாருங்கள். முதல் ஆட்டத்தில் 3–1 என்று வென்றிருந்த ரியல் மாட்ரிட், இதில் செல்சீயிடம் 0–3 என்று பின்தங்கி, இரண்டு ஆட்டங்களின் மொத்தக் கணக்கில் 3–4 என்று வெளியேறும் நிலையில் இருந்தது. 80ஆம் நிமிடம். இடப்புறத்தில், கோலிலிருந்து வெகு தூரத்தில் பந்தை வாங்கிய மோட்ரிச், வெளிப்பாதத்தால் அதைத் தூக்கி அனுப்பினார். செல்சீயின் பின்கள வீரர்கள் எல்லாரையும் தாண்டி வளைந்து, ஓடிவந்த ரொட்ரிகோவின் காலில் அது இறங்கியது. தரையில் படவிடாமலே அவர் அதை கோலாக்கினார். கூடுதல் நேரத்தில் பென்ஸெமா தலையால் அடித்த கோலில் மாட்ரிட் அரையிறுதிக்குப் போனது. அந்தப் பாஸ் கொடுக்கும்போது மோட்ரிச்சுக்கு வயது 36.

உடம்பைப் பார்த்து எடைபோட்டவர்கள்

மோட்ரிச் பிறந்தது 1985 செப்டம்பர் 9 அன்று, ஸாடர் நகரில். அப்போது அது யூகோஸ்லாவியா. மலையடிவாரத்தில் இருந்த சின்னஞ்சிறு ஊரில் தாத்தாவோடு ஆடு மேய்த்துத் திரிந்த பிள்ளை. தாத்தாவின் பெயரும் லூகாதான். 1991 டிசம்பரில், போர் தொடங்கியிருந்த நேரத்தில், செர்பியக் கிளர்ச்சியாளர்கள் அந்தத் தாத்தாவைக் கொன்றார்கள். வீடு எரிக்கப்பட்டது. குடும்பம் ஸாடருக்குத் தப்பி ஓடி, அகதிகளைத் தங்கவைத்திருந்த ஓட்டல்களில் பல ஆண்டுகள் வாழ்ந்தது. அவர் பந்தைப் பழகியது அந்த ஓட்டலின் கார் நிறுத்துமிடத்தில்தான். குண்டு விழும் நாட்களில் உள்ளே ஓடிப் பதுங்குவார்கள், நின்றதும் மறுபடி ஆட்டம்.

ஸ்பிலிட் நகரின் பெரிய கிளப்பான ஹைடுக், சிறுவனாக இருந்த அவரைப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பியது. சிறு உடம்பு, தாங்கமாட்டான் என்பது காரணம். ஸாடர் கிளப்பின் பயிற்சியாளர் டோமிஸ்லாவ் பாஷிச்தான் அவரை விடாமல் பிடித்துக்கொண்டவர். அவர் முயற்சியால் 16 வயதில் தலைநகரின் டினாமோ ஸாக்ரெப் கிளப்பில் சேர்ந்தார். இளைஞர் அணிகளில் உடம்பு சீக்கிரம் வளர்ந்த பையன்கள் மற்றவர்களைத் தள்ளிவிட்டு ஆடிவிடுவார்கள். அதையே திறமை என்று எண்ணித் தேர்ந்தெடுக்கும் பழக்கம் கால்பந்து உலகத்தில் இன்னும் போகவில்லை. பார்வையும் முடிவெடுக்கும் வேகமும் உள்ள பையனை அடையாளம் காண்பதற்குப் பொறுமை வேண்டும்.

டினாமோ அவரை 2003இல் பக்கத்து நாடான போஸ்னியாவின் ஸ்ரின்ஸ்கி மோஸ்டார் கிளப்புக்கு லோனில் அனுப்பியது. லோன் என்றால் வீரர் ஒப்பந்தத்தில் ஒரு கிளப்புக்குச் சொந்தம், ஒரு பருவத்துக்கு மட்டும் இன்னொரு கிளப்புக்கு ஆடுவார். பெரிய கிளப்பில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதைவிடச் சின்ன கிளப்பில் வாராவாரம் ஆடட்டும் என்பது நோக்கம். மோஸ்டாரில் மைதானங்கள் கரடுமுரடு, மோதல்கள் முரட்டுத்தனம். 18 வயதில் அந்த லீகின் சிறந்த வீரராகத் தேர்வானார். போஸ்னிய லீகில் ஆடத் தெரிந்தவன் எங்கேயும் ஆடுவான் என்ற பொருளில் பின்னாளில் அவர் பேசியிருக்கிறார். அடுத்து இன்டர் ஸாப்ரெஷிச்சில் இன்னொரு லோன். அதன் பிறகுதான் டினாமோவின் முதல் அணியில் நிலையான இடம் கிடைத்தது. அங்கே தொடர்ந்து மூன்று லீக் பட்டங்கள். அப்போது அவர் பெரும்பாலும் முன்னால் திரியும் 10.

2006 மார்ச்சில் அர்ஜென்டினாவுக்கு எதிரான நட்பு ஆட்டத்தில் குரோஷிய அணிக்கு முதல்முறை ஆடினார்.

விலைக்கு வாங்குவது எதை?

2008இல் லண்டனின் டோட்டன்ஹாம் கிளப் 1 கோடியே 65 லட்சம் பவுண்டு கொடுத்து அவரை வாங்கியது. டிரான்ஸ்ஃபர் தொகை என்று செய்தியில் வருவது வீரருடைய சம்பளம் என்று புதியவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அது ஒரு கிளப் இன்னொரு கிளப்புக்குக் கொடுப்பது. வீரருடைய ஒப்பந்தக் காலம் முடிவதற்குள் அவரை விடுவிப்பதற்கான விலை. ஒப்பந்தம் முடிந்துவிட்டால் எந்த கிளப்பும் தொகை கொடுக்காமலே அவர் விரும்பிய இடத்துக்குப் போகலாம். ஐரோப்பிய நீதிமன்றம் 1995இல் போஸ்மன் வழக்கில் தந்த தீர்ப்பிலிருந்து வந்த உரிமை அது. ஒப்பந்தத்தில் மீதமிருக்கும் ஆண்டுகள் கிளப்பின் கையில் இருக்கும் பலம். 2011இல் செல்சீ அவரைக் கேட்டது, அவரும் போக விரும்பினார். டோட்டன்ஹாம் தலைவர் டேனியல் லெவி மறுத்துவிட்டார். ஒப்பந்தத்தில் இன்னும் பல ஆண்டுகள் இருந்தன.

இந்தப் பணத்துக்கு ஓர் இருண்ட பக்கமும் உண்டு. டினாமோவை ஆட்டிவைத்த ஸ்ட்ராவ்கோ மாமிச், வீரர்களின் டிரான்ஸ்ஃபர் பணத்தில் முறைகேடு செய்ததாக 2018இல் தண்டிக்கப்பட்டார். அந்த வழக்கில் சாட்சி சொன்ன மோட்ரிச்மீது பொய்ச்சாட்சிக் குற்றச்சாட்டு வந்து, அதே ஆண்டில் தள்ளுபடியானது. குரோஷிய ரசிகர்களில் ஒரு பகுதியினர் அந்தச் சாட்சியத்துக்காக அவர்மீது கடும் கோபத்தில் இருந்தார்கள். உலகக் கோப்பை அதற்கு நடுவில்தான் நடந்தது.

ஆட்டத்துக்கு வருவோம். டோட்டன்ஹாமில் முதலில் அவரை அடிக்கடி இடப்புற ஓரத்தில் ஆடவைத்தார்கள். இங்கிலாந்தின் முரட்டு ஆட்டத்தில் நடுவில் இந்த உடம்பு நிற்காது என்ற பயம் இங்கேயும் தொடர்ந்தது. போகப்போக பயிற்சியாளர் ஹாரி ரெட்நாப் அவரை நடுவுக்கு இழுத்தார். என் கணிப்பில் அவர் வாழ்க்கையின் முக்கியமான முடிவு அதுதான். முன்னால் 10ஆக நிற்கும்போது அவருக்கு முன்னால் இருப்பது எதிரணியின் கடைசிச் சுவர் மட்டுமே. சற்றுப் பின்னால் வந்ததும் களம் முழுவதும் கண்ணுக்கு முன்னால் விரிந்தது. அவரிடம் இருந்த பெரிய சொத்து பார்வை. பார்ப்பதற்கு அதிகம் கிடைக்கும் இடத்தில் அவரை நிறுத்தினார்கள்.

2012 ஆகஸ்ட் கடைசியில் சுமார் 3 கோடி பவுண்டுக்கு ரியல் மாட்ரிட் வாங்கியது. பருவத்துக்கு முந்தைய பயிற்சி இல்லாமல் போய்ச் சேர்ந்தார், வழக்கமான 11 பேரில் இடமில்லை. அந்த ஆண்டின் முடிவில் ஸ்பெயினின் மார்கா பத்திரிகை நடத்திய வாசகர் வாக்கெடுப்பில் மிக மோசமான புதுவரவு என்று தேர்ந்தெடுக்கப்பட்டார். கோல் எண்ணிக்கையையும் ஆடிய நிமிடங்களையும் வைத்து நடுக்கள வீரரை எடைபோட்டால் இப்படித்தான் ஆகும். 2013 மார்ச்சில் மான்செஸ்டர் யுனைடெட்டின் ஓல்ட் டிராஃபோர்ட் மைதானத்தில், பின்தங்கியிருந்த மாட்ரிட்டுக்கு மாற்று வீரராக இறங்கி, தூரத்திலிருந்து அடித்த கோலில் சமன் செய்தார். அதிலிருந்து காற்று மாறியது.

2014 மே 24, லிஸ்பன். சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம் முடிய ஒன்றிரண்டு நிமிடம்தான் பாக்கி. அட்லெடிகோ 1–0 என்று முன்னிலை. மோட்ரிச் அடித்த கார்னர் செர்ஹியோ ராமோஸின் தலையைத் தேடிப் போனது. சமன். கூடுதல் நேரத்தில் மாட்ரிட் வென்று, 12 ஆண்டுகளாகக் காத்திருந்த பத்தாவது கோப்பையைத் தூக்கியது. ராமோஸின் பெயர் வரலாற்றில் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். பந்தை அங்கே வைத்தது யார் என்று மாட்ரிட் ரசிகரைக் கேட்டால் யோசிக்காமல் சொல்வார்.

அடுத்த சில ஆண்டுகளில் மூன்று பேர் சேர்ந்து ஒரே இயந்திரமாக ஓடினார்கள். பிரேசிலின் கசெமிரோ 6. ஜெர்மனியின் டோனி குரூஸ் இடப்புறமிருந்து நீளமான, துல்லியமான பாஸ்களால் ஆட்டத்தின் வேகத்தை நிர்ணயிப்பார். மோட்ரிச் வலப்புறத்து 8, பந்தோடு நகர்ந்து எதிரணியின் வரிசைகளைக் குலைப்பவர். உள்ளே போன பந்து காணாமல் போய்விடுவதால் பயிற்சியாளர் ஆன்செலோட்டி இவர்களை பெர்முடா முக்கோணம் என்றார். 2016, 2017, 2018 என்று தொடர்ந்து மூன்று சாம்பியன்ஸ் லீக் பட்டங்களை மாட்ரிட் வென்றபோது நடுவில் இருந்தவர்கள் இவர்களே. நடுக்கள வீரரைத் தனியாக மதிப்பிட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. பின்னால் கசெமிரோ காவல் காக்கிறார் என்ற நம்பிக்கையில்தான் மோட்ரிச் முன்னேறிப் போக முடிந்தது.

2018

குரோஷியாவின் மக்கள்தொகை சுமார் 40 லட்சம். அந்த அணி உலகக் கோப்பையில் தொடர்ந்து மூன்று ஆட்டங்களைக் கூடுதல் நேரத்துக்குக் கொண்டுபோய் இறுதிக்கு வந்தது. டென்மார்க், ரஷ்யா, இங்கிலாந்து. மூன்று முறை 30 நிமிடம் கூடுதல் என்றால் ஒரு முழு ஆட்டமே அதிகம். நடுக்கள வீரர் ஒருவர் 90 நிமிடத்தில் சாதாரணமாகவே 10, 11 கிலோமீட்டர் ஓடுவார். 32 வயதில் கேப்டன் பட்டையோடு மோட்ரிச் அந்தச் சுமையைத் தாங்கினார்.

டென்மார்க் ஆட்டத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். 1–1, கூடுதல் நேரம் முடியப் போகிறது. மோட்ரிச் கொடுத்த ஒரு நேர்ப் பாஸில் பெனால்டி கிடைக்கிறது. அதை அடிக்க அவரே வருகிறார். காஸ்பர் ஷ்மைக்கேல் பிடித்துவிடுகிறார். சில நிமிடங்களில் பெனால்டி ஷூட்அவுட். இப்போது தவறவிட்டவர் மறுபடியும் வந்து அடிக்க வேண்டியதில்லை, யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். அவர் வந்தார், அடித்தார், கோல். குரோஷியா வென்றது. இறுதியில் பிரான்ஸிடம் 4–2 என்று தோற்றாலும் தங்கப் பந்து அவருக்கு.

அந்த டிசம்பரில் பாரிஸில், உலகின் சிறந்த வீரருக்கு ஆண்டுதோறும் தரும் பாலன் டோர் விருதும் அவருக்கே. 2008 முதல் 2017 வரை பத்து ஆண்டுகள் அந்த விருதை மெஸ்ஸியும் ரொனால்டோவும் ஆளுக்கு ஐந்தாகப் பங்குபோட்டிருந்தார்கள். 2010இல் ஸ்பெயினுக்கு உலகக் கோப்பை வென்று தந்த இனியெஸ்டாவும் ஷாவியும்கூட மெஸ்ஸிக்கு அடுத்த இடங்களோடு நின்றுபோனார்கள். அந்த இருவருக்கும் கிடைத்திருக்க வேண்டிய மரியாதையையும் சேர்த்துத்தான் 2018இல் கொடுத்தார்கள் என்று எனக்குத் தோன்றியது. 2024இல் இன்னொரு நடுக்கள வீரர், ஸ்பெயினின் ரொட்ரி, அதை வாங்கினார்.

வயது ஏறும்போது

வேகத்தை நம்பிய முன்கள வீரருக்கு முப்பதைத் தாண்டினால் பிடி தளரத் தொடங்கும். ஓரடி பிந்தினாலும் பின்கள வீரர் பிடித்துவிடுவார். நடுக்கள வீரரின் முதலீடு கண்ணிலும் மூளையிலும் இருப்பதால் அது மெதுவாகத்தான் கரைகிறது. கால்கள் தேவையில்லை என்று சொல்லவில்லை. கடைசிப் பருவங்களில் மாட்ரிட் அவரைப் பல ஆட்டங்களில் இரண்டாம் பாதியில்தான் இறக்கியது. மூத்த வீரர்களுக்கு ஓராண்டு ஓராண்டாகவே ஒப்பந்தத்தை நீட்டும் வழக்கம் அங்கே உண்டு. ஒவ்வொரு ஆண்டும் தகுதியை மறுபடி நிரூபிக்க வேண்டும். குறைந்த நிமிடங்கள், குறைந்த சம்பளம் என்றாலும் ஏற்றுக்கொண்டு இருந்தார்.

2024 யூரோ கோப்பையில் இத்தாலிக்கு எதிராக ஒரு பெனால்டியைத் தவறவிட்டு, ஒரு நிமிடம்கூட ஆவதற்குள் கோல் அடித்தார். 38 வயது 289 நாள். அந்தத் தொடரின் வரலாற்றில் மிக மூத்த வயதில் கோல் அடித்தவர் அவர். ஆனால் கடைசி நொடிகளில் இத்தாலி சமன் செய்தது. ஆட்டநாயகன் விருதைக் கையில் வைத்துக்கொண்டு அவர் நின்ற முகத்தை மறப்பது கடினம்.

2025இல் மாட்ரிட்டை விட்டுப் புறப்பட்டபோது ஆறு சாம்பியன்ஸ் லீக், நாலு ஸ்பானிய லீக், எல்லாம் சேர்த்து 28 கோப்பைகள். அந்த கிளப்பில் வேறு யாரும் இத்தனை வென்றதில்லை. ஏறத்தாழ 600 ஆட்டங்களில் அவர் அடித்த கோல்கள் 50ஐத் தொடவில்லை. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அங்கிருந்து இத்தாலியின் ஏசி மிலானுக்குப் போனார். சிறுவயதில் குரோஷியரான ஸ்வோனிமிர் போபான் ஆடியதால் அவருக்குப் பிடித்துப்போன கிளப் அது. அங்கே பயிற்சியாளர் அலெக்ரி அவரை நிறுத்திய இடம் நடுக்களத்தின் ஆழத்தில், பின்கள வீரர்களுக்கு முன்னால். ஸாக்ரெபில் 10, லண்டனிலும் மாட்ரிட்டிலும் 8, மிலானில் 6. வயது ஏற ஏற அவர் களத்தில் ஒவ்வொரு படியாகப் பின்னால் வந்திருக்கிறார். இருபது ஆண்டுகளுக்கு முன் இதே மிலானில் ஆன்ட்ரியா பிர்லோவும் 10ஆம் இடத்திலிருந்து ஆழத்துக்கு வந்துதான் தன் உண்மையான ஆட்டத்தைக் கண்டுபிடித்தார். 2025 செப்டம்பர் 14 அன்று, 40 வயது முடிந்து ஐந்தாம் நாள், போலோன்யாவுக்கு எதிரான ஆட்டத்தில் மோட்ரிச் அந்த ஆழத்திலிருந்து முன்னேறி வந்து மிலானுக்கான தன் முதல் கோலை அடித்தார். ஆட்டம் 1–0 என்று முடிந்தது.